வீல் மாட்டினால் வேகம் கூடுமா?

கேள்வி: 2024 ஜூன் 2

மூன்று வருடமாக கேம்பேடில்தான் அசெட்டோ கோர்சா, ஃபோர்ஸா ஹொரைசன் என்கிற கம்ப்யூட்டர் கார் விளையாட்டுகளை ஓட்டுகிறேன். தெரிந்த பையன் ஒருத்தன் பழைய ஸ்டியரிங் வீல், பெடல், கியர் எல்லாம் சேர்த்து 15,000 கேட்கிறான். வாங்கினால் சுற்று நேரம் குறையுமா? வீட்டில் சாதா கம்ப்யூட்டர் மேசைதான் இருக்கிறது. சொந்தமாக ஓட்டிப் பார்த்தவர்கள் மட்டும் சொல்லவும்.

ஜூன் 2, இரவு

நேரம் குறையாது. கூடும்.

பத்து நாள் முன்னால்தான் இதே மாதிரி பழையது ஒன்று வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் இங்கே ரெண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை ஆரம்பித்துவிடும். 900 டிகிரி சுற்றும், உள்ளே பல்சக்கரம், மூன்று பெடல், தனியாக ஆறு கியர் கட்டை, அவ்வளவுதான். இத்தாலியில் மஜோனே என்று ரெண்டரை கிலோமீட்டர் டிராக், அதில் மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்து கேம்பேடில் நான் போட்ட நேரத்தைவிட வீலில் நாலு வினாடி பின்னால் இருக்கிறேன். அதுவும் புல்லுக்குள் போகாமல் முடித்த ஒரே ஒரு சுற்றில்.

கேம்பேடில் கட்டைவிரலை ஒரு பக்கம் முழுசாகத் தள்ளினாலும், விளையாட்டு அதை அப்படியே டயருக்குக் கொடுப்பதில்லை. வேகத்தைப் பார்த்து, அளவைக் குறைத்து, மெதுவாகத்தான் திருப்புகிறது. இத்தனை நாள் விளையாட்டுக்குள் இருக்கிற அந்த ஓட்டுநர்தான் ஓட்டியிருக்கிறான், நான் வழி மட்டும் சொல்லியிருக்கிறேன். வீலை மாட்டியதும் அவன் இறங்கிப் போய்விட்டான்.

ஜூன் 5

மேசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேசை போதும், கிளாம்ப் நன்றாகவே பிடிக்கிறது. பலகை மெலிசாக இருந்தால் அடியில் ஒரு துண்டு பிளைவுட் வைத்து இறுக்குங்கள், இல்லையென்றால் விளிம்பு நசுங்கும்.

ஜூன் 6

நேற்று எழுதியதில் பாதி தப்பு. மேசை போதும், நாற்காலிதான் போதாது. என்னுடையது சக்கரம் வைத்த சுழல் நாற்காலி. பிரேக்கை அழுத்தினால் கார் நிற்பதற்கு முன்னால் நான் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன். முதல் வளைவில் பிரேக் போட ஆரம்பித்து பீரோவில் போய் முட்டினேன்.

ஜூன் 8

நாற்காலிக்கு வைத்தியம் கிடைத்தது. ஐந்து சக்கரத்தில் முன்னால் வருகிற மூன்றை மட்டும் பழைய ஷூவுக்குள் விட்டேன். அசையவில்லை. அடுத்து டைல்ஸ் தரையில் பெடல் வழுக்க ஆரம்பித்தது. அதற்குக் கொல்லையில் சும்மா கிடந்த அம்மிக்கல்லைத் தூக்கி வந்து பெடலுக்குப் பின்னால் சுவரை ஒட்டிப் போட்டேன். இருபது கிலோ இருக்கும், சாமி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மிக்ஸி வந்த பிறகு அந்த அம்மியை யாரும் தொட்டதில்லை, ஆனால் நான் எடுத்த அன்றைக்குத்தான் அம்மாவுக்குத் துவையல் அரைக்க வேண்டுமாம்.

ஜூன் 11

வீல் சுற்றுகிற அளவை எத்தனை டிகிரியில் வைப்பது என்று கேட்டவருக்கு. நானும் முதலில் 360 டிகிரி வைத்துத்தான் ஓட்டினேன், ‘ரேஸ் கார்தானே, சீக்கிரம் திரும்பட்டும்’ என்று. கை லேசாக நடுங்கினால் காரும் நடுங்குகிறது. நேர் ரோட்டில் பாம்பு மாதிரி போனேன். கம்ப்யூட்டரில் வீலுக்கான டிரைவர் மென்பொருளில் முழு 900 வைத்து, விளையாட்டிலும் 900 என்று சொல்லிவிடுங்கள். எந்தக் காருக்கு எவ்வளவு என்பதை அசெட்டோ கோர்சாவே பார்த்துக்கொள்ளும். ஃபார்முலா காரில் ஒரு சுற்றோடு முடிந்துவிடும், எம்எக்ஸ்-5 மாதிரி சாதா காரில் ரெண்டரைக்கு மேல் போகும்.

இதை முதல் நாளே செய்திருந்தால் நாலு வினாடியில் ஒன்று குறைந்திருக்கும் என்று தோன்றுகிறது. தோன்றுவதுதான், அளந்து பார்க்கவில்லை.

ஜூன் 19

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் வீலுக்குக் கொடுத்த காசு எங்கே போகிறது என்பது நேற்றுதான் புரிந்தது.

வேகமாக ஒரு வளைவுக்குள் போகும்போது வீல் கையை எதிர்த்து இழுக்கும். இன்னும் திருப்பினால் இன்னும் கனக்கும். ஒரு இடத்தில், டயர் பிடி விடப்போகிறது என்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், அந்தக் கனம் சட்டென்று குறையும். வெண்ணெயில் கத்தி இறங்கியது போல. முதல் இரண்டு வாரம் அதை நான் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன். லேசாகிவிட்டது, அப்போ கார் நம் பேச்சைக் கேட்கிறது என்று இன்னும் திருப்புவேன். நேராகப் புல்.

நிஜக் காரிலும் இதுதான் நடக்கிறது. டயர் தரையைத் தொடுகிற பட்டை இருக்கிறதே, பக்கவாட்டு விசை அதன் நடுவில் விழாமல் கொஞ்சம் பின்னால் விழுகிறது. அந்தப் பின்தள்ளல்தான் ஸ்டியரிங்கை நேராக்கப் பார்க்கிறது. டயர் அதன் எல்லையை நெருங்க நெருங்கப் பட்டையின் பின்பாதி முதலில் வழுக்குகிறது, விசை விழுகிற இடம் நடுவை நோக்கி வருகிறது, நேராக்குகிற இழுப்பு குறைகிறது. டயரின் மொத்தப் பிடி உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே கைக்கு இழுப்பு குறைய ஆரம்பித்துவிடும். அதாவது முன்கூட்டியே வருகிற தகவல். நான் அந்தத் தகவலைப் படித்துப் பார்க்காமலேயே கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது லேசானதும் ஒரு விரல்கடை அளவு திருப்பிக் கொடுக்கிறேன். கனம் திரும்பி வருகிறது, காரும் திரும்பி வருகிறது. கேம்பேடில் வருகிற அதிர்வு போன் அதிர்வு மாதிரி, ஏதோ நடந்துவிட்டது என்று பிறகு சொல்லும்.

ஜூன் 23

‘எனக்கு அப்படி எதுவும் லேசாகவில்லை, எப்போதும் ஒரே கனம்’ என்று ரெண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். ஃபோர்ஸ் ஃபீட்பேக், அதாவது வீல் கையை எதிர்த்து இழுக்கிற விசை, அதன் அளவை முழுசாகத் தூக்கி வைத்திருப்பீர்கள். சின்ன ஸ்பீக்கரில் சத்தத்தை முழுசாகக் கூட்டினால் பாட்டு கரகரத்து ஒரே இரைச்சலாகிவிடும் இல்லையா, அதேதான். இந்த விலை வீல்கள் கொடுக்கிற முறுக்கு விசை ரெண்டு சொச்சம் நியூட்டன் மீட்டர்தான். விளையாட்டு அதற்கு மேல் கேட்டால் மோட்டார் உச்சியிலேயே நின்றுவிடும், நடுவில் உள்ள ஏற்ற இறக்கம் எதுவும் கைக்கு வராது. அசெட்டோ கோர்சாவில் பெடல் காட்டுகிற சின்னப் பெட்டியில் ஒரு பட்டை இருக்கும், வளைவில் அது சிவப்பாகவே நின்றால் அளவைக் குறைக்கவும். நான் 65-இல் வைத்திருக்கிறேன். கை வலி குறைந்தது, சேதி கூடியது.

ஜூன் 24

சத்தம் பற்றி எச்சரிக்க மறந்துவிட்டேன். பல்சக்கர வீல் இரவில் சத்தம் போடும். டிராக் ஓரத்து மேடான கர்ப் மேல் ஏறினால் டின்னுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங்கின் பழைய டிராக், 1927-இல் திறந்தது, 20.8 கிலோமீட்டர், அதில் கருஸெல் என்று ஒரு வளைவு இருக்கிறது. உள்பக்கம் சாய்வாகக் கான்கிரீட் பலகைகள் பதித்த கிண்ணம் மாதிரி. அதில் இறங்கியதும் ஒவ்வொரு பலகை இணைப்பும் கையில் தட்டும். எண்ணிவிடலாம் போல இருக்கும். எனக்கு இந்த வீலில் மிகப் பிடித்த இடம் அதுதான். கீழ்வீட்டுக்காரருக்கு மிகப் பிடிக்காத இடமும் அதுதான். ‘ராத்திரி பதினோரு மணிக்கு மேல என்னங்க மெசின் ஓட்றீங்க’ என்று கேட்டார். தைக்கிற மெசின் என்று நினைத்திருக்கிறார்.

பெல்ட் வகை, உதாரணமாக டி300, இவ்வளவு சத்தம் போடாது. வீலை நேராக மோட்டார் தண்டிலேயே மாட்டுகிற வகை, சிஎஸ்எல் டிடி, மோஸா ஆர்5 மாதிரி, இன்னும் அமைதி. விசையும் ஐந்து நியூட்டன் மீட்டர், அதற்கு மேல். விலையும் அதற்கு மேல்தான்.

ஜூலை 3

பிரேக். இதை முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும்.

என் வீலின் பிரேக் பெடலில் ஸ்பிரிங்குக்குள் ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது, பாதி தூரம் போனதும் இறுகும். மிதித்து மிதித்து எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. எல்லோரும் வீடியோவில் செய்கிறார்களே என்று கழற்றி எறிந்துவிட்டேன். பெடல் வெண்ணெயாகிவிட்டது. மூன்று நாள் சந்தோஷம். பிறகு பார்த்தால் ஒவ்வொரு வளைவிலும் சக்கரம் பூட்டிக்கொள்கிறது.

கால் எதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்பதில்தான் விஷயம். எத்தனை சென்டிமீட்டர் அமுக்கினோம் என்பது காலுக்கு ஞாபகம் இருப்பதில்லை, எவ்வளவு பலமாக அமுக்கினோம் என்பது இருக்கிறது. நிஜக் காரிலும் பிரேக் கொஞ்ச தூரம் போய்க் கல் மாதிரி நிற்கும், அதற்குப் பிறகு பலம்தான் பேசும். லோட் செல் பெடலை இங்கே பலர் சொன்னது அதனால்தான். அது தூரத்தை அளப்பதில்லை, அழுத்தத்தை அளக்கிறது. அது வாங்கக் காசு இல்லாதவனுக்கு அந்த ரப்பர் கட்டைதான் லோட் செல்.

திரும்ப மாட்ட வேண்டும். எறிந்ததைத் தேட வேண்டும்.

ஜூலை 4

கிடைத்தது, கட்டிலுக்கு அடியில். மாட்டிவிட்டேன். இன்னொரு திருத்தம்: கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதற்கு ரப்பர் கட்டை காரணமே இல்லை. அப்போது நாற்காலி இன்னும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, நான் ஒரு காலால் பிரேக்கையும் இன்னொரு காலால் என்னையும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஷூவும் அம்மிக்கல்லும் வந்த பிறகு அதே ரப்பர் இதமாகத்தான் இருக்கிறது. முழு பிரேக்குக்கு வேண்டிய அழுத்தத்தை அமைப்பில் கொஞ்சம் குறைத்தும் வைத்தேன்.

அதனால் மேலே ஜூன் 5-இல் ‘மேசை போதும்’ என்று எழுதியவன் பேச்சை யாரும் கேட்க வேண்டாம்.

ஜூலை 13

பார்வைக் கோணம், அதாவது விளையாட்டுக்குள் எவ்வளவு பரப்பைத் திரையில் காட்டுவது என்கிற அளவு. 24 அங்குலத் திரையின் உயரம் 30 சென்டிமீட்டர், கண்ணுக்கும் திரைக்கும் 60 சென்டிமீட்டர் இருந்தால் மேலிருந்து கீழாகக் கணக்குப்படி 28 டிகிரிதான் வரும். வைத்துப் பார்த்தால் குதிரைக்குக் கண்பட்டி கட்டியது போல இருந்தது. பக்கத்தில் வருகிறவன் தெரியவில்லை. வேகமே தெரியவில்லை. ச்சே என்று மாற்றப் போனவன், சரி, ஒரு மணி நேரம் பார்ப்போம் என்று ஓட்டினேன். வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது முதல் முறையாகச் சரியாகத் தெரிந்தது. பிரேக் போடுகிற இடம் தானாக நிலைத்தது. ஒரே மாலையில் ஒன்றரை வினாடி. ஒரு பைசா செலவில்லை, வீல் வாங்காமலேகூட இதைச் செய்திருக்கலாம். இதைச் சொல்ல எனக்கே வயிறு எரிகிறது.

ஜூலை 21

செட்டிபாளையம் போய் கோ-கார்ட் ஓட்டிவிட்டு வந்தேன், கரி மோட்டார் ஸ்பீட்வே. வீலில் ரெண்டு மாசம் பழகியவன் அங்கே போனால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை. ஆனது இதுதான்: எட்டு நிமிஷத்தில் முன்னங்கை ரெண்டும் கழன்றுவிட்டது. கார்ட்டில் பவர் ஸ்டியரிங் கிடையாது. வீட்டில் இருப்பது பொம்மை என்று கை சொல்லிவிட்டது.

ஆனால் கோடு பிடிப்பது, எங்கே பிரேக், எங்கே திருப்பம் என்பதெல்லாம் வீட்டில் பழகியது அப்படியே வந்தது. வராதது ஒன்று. பின்சக்கரம் வழுக்கும்போது கார்ட்டில் முதலில் தெரிவது இடுப்புக்கு. கண் பார்ப்பதற்கு முன்னால், கைக்கு வருவதற்கு முன்னால். வீட்டில் இடுப்புக்குக் கீழே ஷூ போட்ட நாற்காலிதான் இருக்கிறது, அதற்கு எதுவும் தெரியாது. பின்பக்கம் போன சேதி கைக்கும் கண்ணுக்கும் வந்து சேர்வதற்குள் நான் தலைகீழாக நிற்கிறேன். ஜூன் 19-இல் வீல் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லும் என்கிற தொனியில் எழுதிவிட்டேன். முன்சக்கரத்தைப் பற்றித்தான் முன்கூட்டியே சொல்கிறது.

ஜூலை 28

‘இந்த ஃபோர்ஸ் ஃபீட்பேக் எல்லாம் இப்போ வந்த சமாச்சாரம்’ என்று சொன்ன தம்பிக்கு. அடாரியின் ஹார்ட் டிரைவின் என்கிற ஆர்கேட் பெட்டி 1989-இல் வந்தது. உட்காரும் சீட், எதிர்த்து இழுக்கிற ஸ்டியரிங், கிளட்ச், கியர், சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணுவது உட்பட எல்லாம் அதில் உண்டு. வீட்டுக்கு 900 டிகிரி வீல் வந்ததும் புதுசு இல்லை, கிரான் டூரிஸ்மோ 4 காலத்து டிரைவிங் ஃபோர்ஸ் ப்ரோவிலேயே இருந்தது. நான் சின்ன வயசில் கோவைப் பொருட்காட்சியில் பார்த்த பெட்டியில் வீல் எந்தப் பக்கம் எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்றிக்கொண்டே இருக்கும், காருக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. டோக்கன் தீருகிற வரைக்கும் நான் ஓட்டியதாகத்தான் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 10

கேள்வி கேட்டவருக்குக் கணக்கு. அதே மஜோனே, அதே எம்எக்ஸ்-5. கேம்பேடைவிட வீலில் இப்போது 0.6 வினாடி முன்னால். இரண்டரை மாசம், தினமும் ஒரு மணி நேரம். அதில் கோணத்தால் வந்ததைக் கழித்தால் வீலால் வந்தது என்று என்ன மிஞ்சும் என்று கேட்காதீர்கள். ஆனால் நல்ல சுற்று, மோசமான சுற்று வித்தியாசம் குறைந்திருக்கிறது. பத்துச் சுற்று போட்டால் பத்தும் அரை வினாடிக்குள் வருகிறது. கேம்பேடில் ஒரு சுற்று பறக்கும், அடுத்தது பள்ளத்தில் கிடக்கும்.

ஆகஸ்ட் 18

இன்றைக்கு அப்பா உட்கார்ந்தார்.

அப்பா அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பொள்ளாச்சி வால்பாறை ரூட்டில் பல வருடம், ஆழியாறுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவு. நான் ஓட்டுவதை ரெண்டு மாசமாக வாசல்படியில் நின்று பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். இன்று நூர்பர்க்ரிங்கில் போய்க்கொண்டிருந்தேன், பின்னால் இருந்து குரல். ‘கட்டவெரல வெளிய வை கண்ணு.’

புரியவில்லை. பக்கத்தில் வந்து என் கட்டைவிரலைப் பிடித்து வீலின் உள்பக்கத்தில் இருந்து எடுத்து வளையத்தின் மேலேயே படுக்க வைத்தார். ‘குழில எறங்குனா ஸ்டியரிங் ஒதச்சு வெரல ஒடிச்சுப் போடும்.’ பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி ஓட்டிய கை. என் ரெண்டு நியூட்டன் மீட்டர் வீல் யார் விரலையும் ஒடிக்காது. ஆனால் நேரடி மோட்டார் வீல் வைத்திருக்கிறவர்கள் இதையேதான் சொல்கிறார்கள்: மோதப் போகிறது என்று தெரிந்தால் கையை எடுத்துவிடு.

‘நீங்க ஓட்டிப் பாக்கறீங்களாப்பா’ என்றேன். யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்கிற லாரி ஓட்டும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன், 2012-இல் வந்தது, பிராக் நகரத்துக்காரர்கள் செய்தது. அப்பா முதலில் நாற்காலியை முன்னே இழுக்கப் பார்த்தார், ஷூ விடவில்லை. கிளட்சை மூன்று தடவை வெறுமனே மிதித்துப் பார்த்தார். ‘புடிக்கிற எடமே தெரியலியே.’ உண்மைதான், இந்த கிளட்ச் வெறும் ஸ்பிரிங். பிறகு இடது கை காற்றில் கியரைத் தேடியது. ஐரோப்பாவில் பெரும்பாலும் லாரியின் ஸ்டியரிங் இடப்பக்கம், நான் கியரை வலப்பக்கம் மாட்டியிருக்கிறேன்.

முதல் முக்கில் வலது பக்கம் திரும்ப வேண்டும். மாற்றி மாற்றிக் கை போட்டுச் சுற்றினார். ஒன்றே கால் சுற்றில் வீல் முட்டி நின்றது. அவர் நிறுத்தவில்லை. மேசையே திரும்பியது.

‘அவ்வளவுதானா? இது காருக்குடா கண்ணு. பஸ்ஸுன்னா இன்னும் இத்தன சுத்து வேணும்.’

லாரி டிராஃபிக் விளக்குக் கம்பத்தில் ஏறி நின்றது. அபராதம் போட்டார்கள். அப்பாவுக்குக் கோபம் அபராதத்தின் மேல் இல்லை, கண்ணாடியின் மேல். தலையை இடது பக்கம் திருப்பினால் பீரோதான் தெரிகிறது.

ஆகஸ்ட் 20

நேற்று அப்பாவே வந்து போடச் சொன்னார். பட்டனை அழுத்தினால் இடதும் வலதும் பார்க்கிற மாதிரி வைத்துக் கொடுத்திருக்கிறேன். மலை இறக்கத்தில் இருபது டன் சுமையோடு அவர் பிரேக்கைத் தொடவேயில்லை. ‘எந்த கியர்ல ஏறுனயோ அந்த கியர்ல எறங்கு.’ பின்னால் வந்த கார்க்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான், அப்பா காது கொடுக்கவில்லை. நான் இதே இறக்கத்தில் ரெண்டு தடவை கவிழ்த்திருக்கிறேன்.

இறங்கி முடித்துவிட்டு ஒன்று சொன்னார். ‘வண்டி பின்னாடி தள்றது தெரியல. உக்காந்த எடத்துல தெரியணும்.’ நான் ஜூலை 21-இல் இங்கே ஒரு பத்தி எழுதிக் கண்டுபிடித்த விஷயம்.

செப்டம்பர் 8

மஜோனே நேரம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது வரை வீல் என் கையில் இல்லை, அப்பா கையில். லண்டனில் வலது பக்கம் ஸ்டியரிங் வைத்த லாரி வாங்கிக் கொடுத்துவிட்டேன், இங்கிலாந்தில் நம்மைப் போல இடது பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும் என்பதால் ஐயா இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தைத் தாண்டிப் போக மாட்டேன் என்கிறார்.

இப்போது ஒரே பிரச்சினை, கியரை இடது பக்கம் மாட்ட வேண்டும். மேசையில் அந்தப் பக்கம் டிராயர் இருக்கிறது, கிளாம்ப் நுழையவில்லை. டிராயரைக் கழற்றினால் மேல்பலகை தாங்குமா, அடியில் ஒரு கட்டை கொடுக்க வேண்டுமா? இந்த மாதிரி மேசையில் செய்து பார்த்தவர்கள் மட்டும் சொல்லவும். அப்பா சுத்தியலோடு நிற்கிறார்.